முகவரின் கிருக சாஸ்திரம்

வீடு வாங்கப் புறப்படுகிறவன் தரையைத் தட்டிப் பார்க்கிறான், குளியலறைக் குழாயைத் திறந்து தண்ணீரின் வேகத்தைச் சோதிக்கிறான், சமையலறை அக்கினி மூலையில் இருக்கிறதா என்று திசைகாட்டியை வைத்துக்கொண்டு தடுமாறுகிறான். இவையெல்லாம் வீண் பிரயாசை என்றும், அவன் விலை கொடுத்து வாங்குவது அண்டை அயலாரைத்தான் என்றும், நான்கு சுவரும் ஒரு கூரையும் அவர்களோடு கொசுறாக வருகின்றன என்றும் ஒரு சித்தாந்தம் உண்டு. இதை எனக்கு உபதேசித்தவர் எந்த மடத்துக்கும் அதிபதியல்லர். ஜாலான் புசாரில் பல வருஷங்களாகத் தொழில் செய்துவரும் ஒரு வீட்டு முகவர்.

அவருடைய திருநாமத்தை நான் இங்கே பிரஸ்தாபிக்கப் போவதில்லை. பிரஸ்தாபித்தால், 'எங்களிடமும் இதையே சொல்லித்தான் தலையில் கட்டினார்' என்று சாட்சி சொல்ல இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் முன்வந்துவிடுவார்கள். சிங்கப்பூரில் பதிவு செய்துகொண்ட முகவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் என்று வைத்துக்கொண்டால் போதும். 2010-ஆம் வருஷத்துச் சட்டம் வந்த பிறகு பரீட்சை எழுதித் தேறி, பதிவெண் பொறித்த அட்டையோடுதான் ஒருவர் இந்தத் தொழிலில் நடமாட முடியும். ஒரே ஆசாமி விற்பவருக்கும் வாங்குபவருக்கும் சேர்ந்தாற்போல் முகவராக இருக்கலாகாது என்ற விதியும் அதனோடு வந்தது. இந்த ஒரு விஷயத்தில் மாத்திரம் நம்மவருக்கு அரசாங்கத்தின் பேரில் தீராத மனத்தாங்கல். "அப்பெல்லாம் எனக்கு நானே பேரம் பேசிக்குவேன், அண்ணே. ரெண்டு பக்கமும் நான்தான். சண்டையே வராது" என்று அந்தப் பொற்காலத்தை நினைத்து உருகுவார்.

ஜாலான் புசாரின் பூர்வீகத்தை அவர் வாயால் கேட்க வேண்டும். இந்தப் பிரதேசம் முழுவதும் ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்தது. 1830-களில் நோரிஸ் சகோதரர் இருவர் அதை 113 ரூபாய்க்கு வாங்கினார்கள் என்பது சரித்திரம். நோரிஸ் ரோடு இன்றும் இருக்கிறது. முகவர் இந்தச் சரித்திரத்தை முதற் சந்திப்பிலேயே எடுத்துரைத்து, 113 என்ற எண் வருமிடத்தில் குரலைத் தாழ்த்தி, "அந்த ரெண்டு பேரும் சேறுன்னு பார்க்கல, கொசுன்னு பார்க்கல. நாமதான் மேற்கு வெயில், மேற்கு வெயில்னு யோசிக்கிறோம்" என்று முடிப்பார். அப்படியும் மசியாதவர்களுக்கு அடுத்த அஸ்திரம் 1964. வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் சொந்த வீட்டுத் திட்டத்தைத் தொடங்கிய அந்த வருஷத்தில் குவீன்ஸ்டவுனில் மூவறை வீடு 6,200 வெள்ளிக்குக் கிடைத்தது. "விலை இறங்கட்டும்னு அன்னைக்குக் காத்திருந்தவங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, நாம் சிரித்து முடிக்கும் வரையில் பொறுமையாக மௌனம் சாதிப்பார்.

வாங்குகிற உத்தேசம் என் மனைவிக்குத்தான் முதலில் உண்டாயிற்று. உட்லண்ட்ஸிலிருந்து தேக்கா சந்தைக்கு வாராவாரம் ரயிலேறி வந்து முருங்கைக்காய் வாங்குவதைக் காட்டிலும், தேக்காவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு மூவறை வீடு வாங்கிவிடுவது சிக்கனம் என்று அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். அந்தக் கணக்கை நான் சரிபார்க்கவில்லை. இருபத்தைந்து வருஷத் தாம்பத்தியத்தில் இப்படிப்பட்ட கணக்குகளைச் சரிபார்ப்பதற்கு ஆகும் செலவு எவ்வளவு என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் வீடு தேடி அலைந்த தெருக்களில் முக்கால்வாசி, முதல் உலக மகாயுத்தத்திலிருந்து பெயர் பெற்றவை. கிச்சனர் ரோடு, ஃபோஷ் ரோடு, வெர்டன் ரோடு, மார்ன் ரோடு என்று ஒரு சேனையே அணிவகுத்து நிற்கிறது. ஜட்லாந்துக் கடற்போரில் யார் செய்தது தவறு என்று 1916-க்குப் பிறகு வருஷக்கணக்காகக் கட்சி பிரிந்து வாதாடப்பட்ட ஜெல்லிகோ, பீட்டி என்ற இரண்டு கடற்படைத் தலைவர்களுக்கும் இந்த வட்டாரத்தில் தனித்தனியே தெரு உண்டு. இருவரையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி வைத்தவர் யாரோ, அவர் அண்டை வீட்டு விவகாரங்களில் அனுபவசாலியாக இருந்திருக்க வேண்டும். வெர்டனின் வீரராகக் கொண்டாடப்பட்டு 1945-இல் தேசத் துரோகி என்று தண்டிக்கப்பட்ட மார்ஷல் பெத்தேன் பெயரால் ஒரு சாலையும் இருக்கிறது. பூவேலை செய்த ஓடுகள் பதித்த வரிசை வீடுகள் அங்கே பாதுகாக்கப்பட்டு நிற்கின்றன. பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. முகவர் எங்களை அந்தத் தெரு வழியாக அழைத்துச் சென்றார், ஆனால் நிற்கவிடவில்லை. "பார்க்கக் காசில்லை, அண்ணே. நடந்துக்கிட்டே பாருங்க" என்றார்.

வீடு காட்டுவதற்கு நேரம் குறிப்பதில் அவர் பஞ்சாங்கக்காரர்களைத் தோற்கடித்துவிடுவார். மேற்குப் பார்த்த வீடென்றால் காலை ஒன்பது மணி. பெருஞ்சாலையை ஒட்டியதென்றால் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்றெந்த நாளும். ஏனெனில் ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவுக்கு வரும் தொழிலாளர் கூட்டத்தில் சிராங்கூன் சாலையைக் கடப்பதே ஒரு சாகசம். டெஸ்கர் ரோட்டுக்கு அருகாமையில் உள்ள வீடுகளை அவர் சூரிய வெளிச்சத்தில் மட்டுமே காட்டுவார். அந்தியில் வந்து பார்க்கிறேன் என்று என் மனைவி சொன்னபோது, அந்தத் தெருவின் இராக்கால வியாபாரத்தைக் குறித்து ஒரு குலஸ்திரீயிடம் எப்படி எடுத்துச் சொல்வது என்று அவர் பட்ட அவஸ்தையை நான் மிகுந்த திருப்தியோடு கவனித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "அங்கே இராத்திரி பார்க்கிங் கிடைக்காது, அக்கா" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். எங்களிடம் காரே கிடையாது.

ஆனால் அவருடைய சாஸ்திரத்தின் சாரத்தை நான் அறிந்துகொண்டது ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில். சொந்தக்காரர் கதவைத் திறந்து 'வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் உள்ளே போகாமல், தாழ்வாரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கிடந்த சப்பாத்துகளைக் குனிந்து பார்வையிட்டுக்கொண்டே நடந்தார். நானும் பின்தொடர்ந்தேன். முதல் வாசலில் மண் ஒட்டிய கறுப்பு இராணுவ பூட்ஸ் ஒரு ஜோடி: "பையன் தேசிய சேவையில இருக்கான். ரெண்டு வருஷம் வீடு அமைதி." அடுத்ததில் வெள்ளைப் பள்ளிக்கூடச் சப்பாத்து, மூன்று அளவுகளில்: "பரீட்சை வரைக்கும் சத்தம் இருக்கும். ஆனா நல்ல சத்தம்." அதற்கடுத்த வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள், எல்லாம் ஒரே அளவில் ஆண்களுடையவை; முகவர் உதட்டைப் பிதுக்கி, "அறை அறையா வாடகைக்கு விட்டிருக்காங்க" என்றார். ஒரு வாசலில் சப்பாத்தே இல்லை. அங்கேதான் அவர் அதிக நேரம் நின்றார். "வெளியே ஒண்ணுமே வைக்காதவங்க நகர மன்றத்துக்குக் கடிதம் எழுதுறவங்க, அண்ணே" என்று தாழ்ந்த குரலில் எச்சரித்தார். தீயணைப்பு வண்டிக்காரர்களின் விதிப்படி தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட்டிருக்க வேண்டும் என்பதையும், துளசித் தொட்டியும் பாண்டான் செடியும் ஒரு பழைய சைக்கிளும் சேர்ந்து அந்த வழியை எத்தனை அங்குலம் விழுங்கியிருக்கின்றன என்பதையும், அதைப் பற்றி யார் யாரிடம் முறையிட்டிருப்பார்கள் என்பதையும் அவர் செடிகளின் உயரத்தைக்கொண்டே அனுமானித்துவிட்டார். வீட்டுக்குள் நாங்கள் இருந்தது ஐந்து நிமிஷம்கூட இராது.

அந்த மாடியிலேயே ஓரத்து வீடு ஒன்று என் மனைவியின் மனத்தைக் கவர்ந்துவிட்டது. காற்று இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தது. சமையலறை ஜன்னலிலிருந்து கோபுரம் தெரிந்தது. விற்பவர் ஒரு சீனப் பெரியவர். விலையும் ஒத்துவரும் போலிருந்தது. முகவர் மாத்திரம் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வாங்க முடியாதாம்.

1989 மார்ச்சில் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையை வெளியூர் நண்பர்களுக்கு விளக்கும்போதெல்லாம் நான் ஒரு டம்ளர் தண்ணீரை அருகில் வைத்துக்கொள்வது வழக்கம். ஓர் இனத்தார் ஒரே இடத்தில் குழுமிவிடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வொரு புளோக்கிலும் இன்ன இனத்தார் இவ்வளவுக்கு மேல் இருக்கலாகாது என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் இதர இனத்தாரும் சேர்ந்து 15. "மூன்றையும் கூட்டினால் 127 வருகிறதே?" என்று நான் கேட்டேன். "கூட்டக்கூடாது, அண்ணே. அது தனித்தனி உச்சவரம்பு" என்றவர், சற்று யோசித்து, "கூட்டினாலும் தப்பில்லை, இந்த ஊர்ல நெருங்கித்தானே உட்காரணும்" என்றார். கணக்கு ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று புதுப்பிக்கப்படும். நாங்கள் பார்த்த புளோக்கில் இந்தியர் பங்கு நிரம்பிவிட்டது. ஆகவே சீனர் வீட்டை நாங்கள் வாங்க இயலாது. ஏற்கனவே அங்கே இருக்கும் இந்தியர் ஒருவர் விற்றால் வாங்கலாம், ஏனென்றால் அப்போது எண்ணிக்கை கூடாது. இதன் மறுபக்கமும் உண்டு. சீனர் பங்கு நிரம்பிய புளோக்கில் வீட்டை விற்க நினைக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாமல், தம்மைப் போன்ற சிறுபான்மையினரையே தேடிக் காத்திருந்து, விலையையும் குறைத்துக்கொள்ள நேர்கிறது. இந்தக் குறை பல வருஷம் பேசப்பட்டு, 2022-இல்தான், நெடுநாள் விற்க முடியாமல் தவிப்பவர்களிடமிருந்து கழகமே வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஓர் ஏற்பாடு செய்தார்கள். கொள்கையின் நோக்கத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதன் பாரம் சிறுபான்மையார் தலையில் சற்று அதிகமாகவே விழுகிறது என்பது என் அபிப்பிராயம். நம் முகவரின் அபிப்பிராயமும் அதுவே, ஆனால் அவர் அதைக்கொண்டு ஒரு ஜீவனோபாயம் செய்துகொண்டுவிட்டார்.

எப்படியென்றால், வாங்க நினைக்கும் தமிழருக்கு விற்க நினைக்கும் தமிழர் வேண்டும். விற்க நினைக்கும் தமிழர் யார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்பே முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வம்சாவளி அனைத்தும் அவருக்கு மனப்பாடம். எவருடைய மகள் பொங்கோலில் பிடிஓ என்னும் முன்பதிவுத் திட்டத்துப் புது வீட்டுக்குச் சாவி வாங்கிவிட்டாள், எவருடைய மகன் பெர்த்தில் குடியேறிப் பெற்றோரை அழைக்கிறான், எவர் மூட்டுவலியோடு தஞ்சாவூர்ப் பக்கம் போய்விடலாமா என்று மனைவியோடு வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார் என்பதெல்லாம் அவருடைய குறிப்பேட்டில் இல்லை, தலைக்குள் இருக்கின்றன. சமூக வாழ்வில் அவருக்குள்ள ஈடுபாடு அலாதியானது. வீரமாகாளியம்மன் கோயிலில் விசேஷமென்றால் முன்வரிசை. சமூக மன்றத்துப் பொங்கல் விழாவில் பானைக்கு அருகில் நிற்பவர் அவர். புளோக்கின் கீழ்த்தளத்தில் மலாய்க்காரர் கல்யாணப் பந்தல் போட்டால் பச்சை உறையில் மொய். சீனர் துக்க வீட்டுக் கூடாரமென்றால் வெள்ளை உறை. இரண்டும் சட்டைப் பையில் எப்போதும் தயாராக இருக்கும். துக்க வீட்டில் அவர் தொழில் பேசி நான் பார்த்ததில்லை. கருமாதிச் சாப்பாடு முடிந்து பாயாசம் குடித்த பிறகு, "அம்மா இனிமேல் இவ்வளவு பெரிய வீட்டில் தனியாகவா?" என்று மிகுந்த வாஞ்சையோடு விசாரிப்பார். அவ்வளவுதான்.

இப்படி அகப்பட்டதுதான் ஆறாம் மாடி வீடு. விற்பவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தமிழ்ப் பெரியவர். செங்காங்கில் மகள் வீட்டுக்குப் போகிறார். அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஆயுள் விஷயமாக ஒரு வார்த்தை. வீடமைப்புக் கழகத்து வீடு நமக்குச் சொந்தமாவது 99 வருஷக் குத்தகைக்கு. 2019-லிருந்து உள்ள விதிப்படி, எஞ்சியிருக்கும் குத்தகை, வாங்குபவர்களில் இளையவரின் 95 வயது வரை நீடித்தால்தான் மத்திய சேமநிதிப் பணத்தை முழு அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம். என் ஜாதகத்தைக் கணித்த திருவையாற்றுச் சோதிடர் எழுபத்திரண்டோடு எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டார். சிங்கப்பூர் அரசாங்கமோ என் மனைவிக்கு எந்தக் கிரகத்தையும் கலந்தாலோசிக்காமல் 95 கொடுத்திருக்கிறது. இந்தச் செய்தியைக் கேட்டதிலிருந்து அவளுக்கு அந்த வீட்டின் மேல் பிரியம் இரட்டித்துவிட்டது. "அதுக்குள்ளே அரசாங்கம் நிலத்தை எடுத்துக்கிட்டா?" என்று நான் கேட்டதற்கு முகவர் பொய் சொல்லவில்லை என்பதை இங்கே பதிவு செய்ய வேண்டும். ரோச்சோர் சென்டர் இருந்த திசையில் கையைக் காட்டினார். நான்கு வண்ணத்தில் நான்கு கட்டடங்கள், 567 குடும்பங்கள், விரைவுச்சாலைக்காக 2016-க்குள் எல்லாரும் வெளியேறினார்கள். "அப்புறம் சொல்லலைன்னு சொல்லாதீங்க" என்றார்.

விலை பேசும் படலம் வேறு விதம். 2014-லிருந்து, முதலில் இரு தரப்பும் ஒரு விலைக்கு ஒப்புக்கொண்டு, ஆப்ஷன் என்னும் வாங்கும் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய பிறகுதான் கழகத்திடம் மதிப்பீடு கேட்க முடியும். மதிப்பீட்டுக்கு மேலே எவ்வளவு போயிற்றோ அவ்வளவையும் ரொக்கமாகக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். தாலி கட்டிவிட்டுப் பொருத்தம் பார்ப்பது போன்ற இந்த ஏற்பாட்டில் நான் அடைந்த திகிலைச் சொல்லி முடியாது. ஆனால் அன்று பெரியவர் விலையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. எங்களைச் சோபாவில் உட்கார வைத்து, சமையலைப் பற்றி விசாரித்தார். கருவாடு வறுப்போமா? அடிக்கடியா? ஜன்னலைத் திறந்து வைத்தா, மூடிக்கொண்டா?

இந்த விசாரணைக்கு ஓர் ஆதாரம் இருந்தது. சீனாவிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பத்துக்கும் அடுத்த வீட்டு இந்தியக் குடும்பத்துக்கும் குழம்பு வாசனை காரணமாக வழக்கு மூண்டு, அது சமூக சமரச நிலையம் வரையில் போய், அவர்கள் வீட்டில் இல்லாத வேளையில் இவர்கள் குழம்பு வைப்பதென்றும், பதிலுக்கு அவர்கள் ஒரு தடவையாவது குழம்பைச் சுவைத்துப் பார்ப்பதென்றும் முடிந்ததாக 2011-இல் பத்திரிகையில் வந்தது. சம்பவம் நடந்து பல வருஷம் ஆகியிருந்தும் ஊர் கொதித்தது. ஆகஸ்டு 21-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குழம்பு வைப்போம் என்று ஓர் அழைப்புப் பரவி, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சம்மதம் தெரிவித்தார்கள். அவர்களில் சீனர்கள் ஏராளம். தன் வாழ்நாளில் அடுப்புப் பற்றவைத்தறியாத என் நண்பர் ஒருவர்கூட அன்று தேசபக்தியின் பெயரால் ஒரு பானையைத் தீய்த்தார். இதைப் பற்றி நம் முகவரின் கட்சி சுருக்கமானது: "குழம்பு வாசனைக்காக யாரும் சண்டை போடல, அண்ணே. வாசனை மட்டும் வந்துச்சு, குழம்பு வரல. அதான் கோபம்."

பெரியவரின் நிபந்தனைகளும் அதே தோரணையில் இருந்தன. இடப்புறத்து வீட்டு மச்சிக்குக்கு, அதாவது மலாய் அம்மாளுக்கு, தீபாவளிக்கு முறுக்கு கொடுக்க வேண்டும். பல் இல்லாதபடியால் கூடவே அச்சுமுறுக்கு அல்லாத மிருதுவான பலகாரம் ஒன்று. வலப்புறத்துச் சீனக் கிழவர் விடியற்காலையில் பறவைக் கூண்டுகளை வெளியே மாட்டுவார்; முகம் சுளிக்கக்கூடாது. மின்தூக்கிக்கு எதிர்வீட்டம்மாளோடு எட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அதைத் தொடர்வதா விடுவதா என்பதை நாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். பிறகுதான் விலையைச் சொன்னார். முகவர் ஆப்ஷன் படிவத்தை விரித்தார். அதில் ஆயிரம் வெள்ளிக்கு மேற்படாத முன்பணத்துக்கு ஓர் இடம் இருந்தது. 21-ஆம் நாள் மாலை நான்கு மணிக்குக் காலாவதி என்று கண்டிருந்தது. முறுக்குக்கு இடமே இல்லை. பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை தேடினார். "அதெல்லாம் வாய்மொழிதான், ஐயா. நான் சாட்சி" என்று முகவர் தம் நெஞ்சில் கைவைத்தார்.

சாட்சி என்ற ஹோதாவில் அவர் இன்றுவரை தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வருகிறார். மச்சிக்குக்குப் பலகாரம் போயிற்றா என்று கேட்டு, போயிற்று என்று அறிந்த பின்னரே காப்பியைக் கையில் வாங்குகிறார். எதிர்வீட்டம்மாளோடு என் மனைவி சமாதானமாகிவிட்டதைக் கேட்டு, அந்த மாடியில் இனி விலை சற்று ஏறும் என்று அபிப்பிராயப்பட்டார். என் மகனைக் கண்டால் மாத்திரம் முகத்தில் ஒரு தனிப் பிரகாசம் உண்டாகிறது. "தம்பி, பொண்ணு பார்த்தாச்சா? ரெண்டு பேரும் சேர்ந்து பிடிஓ போட்டாச்சா?" என்பார், அவன் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். மூவறை வீட்டில் இரண்டு கிழங்கள் தனியாக இருப்பதன் சிரமங்களைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் பேசத் தொடங்கவில்லை. ஆனால் போன பொங்கலன்று வந்தபோது, எனக்கு இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது என்று மிகுந்த வாஞ்சையோடு விசாரித்தார்.